சபாபதி மேஸ்திரி சந்தில் வந்து படுத்த பூங்கா

பூங்கா என்பது ஓரிடத்தில் நிலையாக இருப்பது என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருசேர நம்பி வருகிறார்கள். இது தவறு. பெருந்தன்மையோடு விட்டுவிட முடியாத அளவுக்குத் தவறு. நகர வரைபடங்களில் பூங்காக்களைப் பச்சைக் கட்டங்களாகப் போட்டிருப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். வரைந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் அளக்கப் போன அன்று பூங்கா அங்கே இருந்திருக்கும். உண்மையில் பூங்காக்களில் இரண்டு வகை உண்டு. சுற்றிலும் கம்பிவேலி போட்டு, நடுவில் ஒரு சிலையைக் கனத்துக்கு வைத்து, நகர முடியாதபடி கட்டிப்போட்டவை ஒரு வகை. யாரும் கட்டிப்போடாதவை இன்னொரு வகை. முதல் வகையைக் காட்டி எல்லாப் பூங்காவும் அப்படித்தான் என்று சொல்வது, கோயில் யானையைப் பார்த்துவிட்டு, காட்டு யானையும் காசு வாங்கிக்கொண்டு தலையில் தும்பிக்கையை வைக்கும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது.

கட்டிப்போடாத பூங்காவின் குணம் ஏறக்குறைய சென்னை மாட்டின் குணம். எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியாது, எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பிடித்த இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும், படுத்திருக்கும்வரை ஊர் அதைச் சுற்றிக்கொண்டு போகும், ஒருநாள் ஏதோ ஒன்று பிடிக்காமல் எழுந்து போய்விடும். இந்த வேறுபாடெல்லாம் கஜபதிக்குத் தெரியாது. அவர் ஒதுங்க இடம் தேடிப் போனவர்.

ஓட்டேரியில் கஜபதி சவுண்ட் சர்வீஸ் என்றால் பச்சைக் குழந்தையும் காதைப் பொத்திக்கொள்ளும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவது, கிரிக்கெட் குழுவுக்குக் கோப்பை கொடுப்பது என்று எது நடந்தாலும், நடக்கிறவர்கள் யார் என்று தெரிவதற்கு முன்பே அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்கள் விளக்குக் கம்பங்களில் ஏறிவிடும். அவற்றின் வாய்க்கு நேரே நின்று, தலையைச் சாய்த்து, சரியாக வருகிறதா என்று கேட்டுக் கேட்டே கஜபதிக்கு அரை ஆயுள் கழிந்திருந்தது. அதற்குக் கூலியாக அவருடைய இரண்டு காதிலும் ஒரு கூவல் குடியேறியது. மைக்கும் குழாயும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் கூவுமே, அதே கூவல், ஆனால் எந்தக் குமிழைத் திருகினாலும் நிற்காத கூவல். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பழகிக்குங்க" என்றார்.

பழகத்தான் முடியவில்லை. அதிலும் ஒரு விபரீதம் என்னவென்றால், வெளியே சத்தம் அடங்க அடங்க உள்ளே கூவல் ஏறும். ஆகையால் ஊர் அடங்கினால் கஜபதிக்குப் பயம். தூங்கும்போது தலைமாட்டில் லொடலொடவென்று ஆடும் மின்விசிறியும் அலைவரிசை பிடிக்காத ரேடியோவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை மைத்துனர் வற்புறுத்தி ஏற்காட்டுக்கு அழைத்துப்போனபோது, மலையின் அமைதி தாங்காமல் பேருந்து நிலையத்துக்கு ஓடிவந்து, இரண்டு பேருந்துகளுக்கு நடுவே நின்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்த ஆடி மாதம் ஒரு மத்தியானம், குழாய் ஏற்றிய மூன்று சக்கர வண்டியைச் சபாபதி மேஸ்திரி சந்தின் முனையில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே நடந்தார். அந்தச் சந்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு நீளச் சுவர் உண்டு. சுவருக்குப் பின்னால் சிமெண்ட் கிடங்கு. ஒதுங்குகிறவர்களைத் தடுக்க அந்தச் சுவரில் பிள்ளையார், மாதா, மசூதி என்று எல்லா மதத்து ஓடுகளையும் பதித்திருந்தார்கள். மாதாவுக்கும் மசூதிக்கும் நடுவே மட்டும் கொஞ்சம் வெற்றிடம் விட்டுப்போயிருந்தது. கஜபதி பல வருடங்களாக நம்பியிருந்தது அந்த வெற்றிடத்தைத்தான். அன்று வெற்றிடமும் இல்லை, ஓடுகளும் இல்லை, சுவரே இல்லை. ஒரு பழைய இரும்பு வாசற்கதவு இருந்தது. அதற்கு அப்பால் மரங்கள் இருந்தன.

அவசரத்தில் இருந்ததால் அவர் அதிகம் யோசிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனார். தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்துக்கொண்டு வெயிலை உள்ளே விடாமல் நின்றன; கீழே மகிழம்பூ, பெருக்குவாரில்லாமல் தடிப்பாகக் கிடந்தது; ஒரு குளம் இருந்தது, அதில் ஒரு நீர்க்கோழி, தனக்கு ஏதோ அலுவலக வேலை இருப்பதைப் போல இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்தது. சிமெண்ட் கிடங்கு இருக்கும் அளவைப் பார்த்தால் அந்தக் குளத்தின் ஒரு படிக்கட்டுக்கூட அங்கே அடங்காது. சந்தில் லாரி பின்னால் வரும் சத்தமோ, மாவு மில் சத்தமோ உள்ளே வரவில்லை. கஜபதி நின்றார். வழக்கப்படி கூவல் ஏறப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அது ஏறவில்லை. அவர் இன்னும் காத்திருந்தார். அப்புறம்தான், அது ஏறாமலிருப்பது மட்டுமல்ல, அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்தது. ஒரு மகிழம்பூ தரையில் விழுந்த சத்தத்தை அவர் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். எதற்காக வந்தோம் என்பது மறந்துபோயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவருடைய மனைவி புஷ்பலீலா, எல்லா நாளும் செய்வதைப் போலவே, சோறு போட்டுக்கொண்டே முணுமுணுத்தாள். கணவருக்குக் காது மந்தமான வருடத்திலிருந்து அவள் பழகிக்கொண்ட ஆறுதல் அது.

"கொட்டிக்கோ. ஊருக்கெல்லாம் கூவிகினு திரியறான், ஊட்டுக்கு வந்தா உத்தரத்தப் பாத்துகினு துன்றான். ஒரு நாளு இன்னா ஏதுன்னு கேட்டிருப்பியா, கல்லு மாரி."

"கொழம்புல உப்பு கம்மியா கீது," என்றார் கஜபதி. "அப்புறம் கல்லுன்னியே, அத்த நாளையிலேர்ந்து வாணாம். இன்னா ஏதுன்னு இப்ப கேக்கறேன், சொல்லு."

புஷ்பலீலாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அதுவும் அவருக்குக் கேட்டது, திரும்பிப் பார்த்தார்.

அவள் அன்றே ஒரு முடிவுக்கு வந்தாள். திடீரென்று காது கேட்கிறது, குரல் தணிந்திருக்கிறது, சட்டையில் மகிழம்பூ வாசனை வருகிறது. இது மூன்றும் சேர்ந்தால் காரணம் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் மெதுவாகப் பேசுகிற பெண். மறுநாள் மத்தியானம் கூடையை எடுத்துக்கொண்டு, காய் வாங்கப் போகிறவளைப் போல அவர் பின்னாலேயே போனாள். சந்தில் நுழைந்தாள், கதவைத் தள்ளினாள், கணவர் தூங்குமூஞ்சி மரத்தடியில் தனியாக, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

"எங்க அவ?"

"எவ?"

"இன்னா, ஒளிச்சு வெச்சுகீறியா?"

"ஒக்காரு லீலா."

அவள் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் அங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று தோன்றித் தோன்றி, எல்லாவற்றையும் திரும்பக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். நீர்க்கோழி இரண்டு முறை போய்வந்தது.

"காது?" என்றாள்.

"கூவல. இங்க ஒக்காந்து எழுந்தா ராத்திரி வரிக்கும் சுத்தமா கீது."

"அந்த டாக்டரு ஆவாதுன்னானே."

"அவன் இங்க வந்ததில்ல."

புஷ்பலீலா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இத்த யாரான்டயும் சொல்லாத," என்றாள்.

அவர் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள், அதுவும் ஒரே ஒருத்தியிடம், சத்தியம் வாங்கிக்கொண்டு. அந்த ஒருத்தி இட்லிக் கடை வைத்திருந்தாள்.

அந்த வாரத்துக்குள் ஓட்டேரியே பூங்காவுக்கு வந்துவிட்டது. சுவர் இருந்த இடத்தில் குளம் இருப்பதைப் பற்றி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொசு வருமா என்று கேட்டார்கள், வரவில்லை என்றதும் உட்கார்ந்தார்கள். அந்தச் சுவர் எனக்குத்தான் சொந்தம் என்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் நெடுநாளாக வழக்காடி வந்தார்கள்; சுவரே போய்விட்டது என்பதை நீதிமன்றத்தில் முதலில் சொல்கிறவர் தோற்றவராகிவிடுவார் என்பதால், இருவரும் வாயே திறக்காமல், வாய்தாவுக்கு வாய்தா போய் இல்லாத சுவருக்காக வாதாடிவிட்டு, திரும்பி வந்து ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் காற்று வாங்கினார்கள். தக்காளிக்காரர் சந்துக்குள் வந்ததும் கூவுவதை நிறுத்தி, நல்ல பழமாக ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஆட்டோக்காரர்கள் முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சவாரியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சில சவாரிகள் இறங்கியும் தள்ளினார்கள். மாமியாரும் மருமகளும் சண்டையைக் கைஜாடையில் போட்டுப் பார்த்தார்கள், அதில் பழைய விஷயங்களை இழுக்க வழியில்லாததால் சீக்கிரம் முடிந்தது. காதலர்கள் மட்டும் இரண்டே நாளில் கிளம்பிவிட்டார்கள். அந்த நிசப்தத்தில் காதோடு சொன்னதுகூட நான்கு பெஞ்ச் தள்ளிக் கேட்டது, கேட்டவர்கள் அபிப்பிராயமும் சொன்னார்கள். காலையில் வரும் சிரிப்பு சங்கத்தினர் கூடிப் பேசி, வாயை மூடிக்கொண்டு சிரிப்பது என்று தீர்மானித்தார்கள். விடிகாலையில் மரத்தடியில் முப்பது நாற்பது பேர் வட்டமாக நின்று, ஒரு சத்தமும் இல்லாமல், கண்ணில் நீர் வழிய, தோள்கள் குலுங்க நிற்பதைப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, யார் போய்விட்டார்கள் என்று கவலையோடு விசாரிப்பார்கள்.

கஜபதி இதையெல்லாம் குறையாக நினைக்கவில்லை. எல்லோரும் அமைதியாகத்தான் இருந்தார்கள், அவருடைய காதும் அமைதியாக இருந்தது. அவர் கவலைப்பட ஆரம்பித்தது பெஞ்சுகளில் பெயர் ஏறியபோது.

அந்தப் பூங்காவின் பெஞ்சுகளில் யாருடைய பெயரும் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் தணிகாசலம். ஓய்வுபெற்ற தாசில்தார், ஓட்டேரியில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் தலைவராக இருப்பவர், தொடங்காவிட்டால் தொடங்குபவர். உபயம் இன்னார் என்று எழுதாத பெஞ்சில் உட்காருவது திருட்டு மின்சாரத்தில் விளக்கெரிப்பதைப் போல அவருக்குக் கூசியது. கோயில் குழல்விளக்கில் வெளிச்சமே வெளிவராதபடி கொடுத்தவரின் குலம் கோத்திரத்தை எழுதுகிற ஊரில் இது பெரிய குறைதான். ஆகவே பெயிண்டரை அழைத்து, ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஒரு குடும்பத்தின் பெயரை, காலமானவர்களைச் சேர்த்து எழுதச் சொன்னார். பெயிண்டர் முதல் எழுத்தைப் போட்டதும் பூங்காவின் அந்த ஓரம் லேசாகச் சிலிர்த்தது, ஈ உட்கார்ந்த இடத்தை மாடு சிலிர்த்துக்கொள்வதைப் போல. எழுத்து கோணிவிட்டது. பெயிண்டர் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

அப்புறம் ஒருநாள், வெளியூர்க் கார் ஒன்று சந்துக்குள் தெரியாமல் நுழைந்து, பின்னால் எடுக்கும்போது பாட்டுப் பாடுகிற தன் ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. பூங்காவின் பின்பக்கம் எழுந்தது. மாடு எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பூங்காவும் அப்படியே குளத்துப் பக்கமாக ஒரு முழம் உயர்ந்தது, குளத்து நீர் வாசல் பக்கமாகச் சாய்ந்தது, நீர்க்கோழி இறக்கையை விரித்துச் சமாளித்தது. கார் போனதும் பூங்கா ஒரு பெருமூச்சோடு மறுபடி படுத்துக்கொண்டது. பெஞ்சில் இருந்தவர்கள் நழுவிய இடத்திலிருந்து தங்கள் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். கஜபதி மட்டும் எழுந்துபோய், கதவு தரையோடு ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எழுந்தா போயிடும் லீலா," என்றார் வீட்டில்.

"நீ சத்தம் போடாம இருந்தா அது ஏன் போவுது?"

"நான் போடமாட்டேன். ஊரு?"

ஊர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்கு வந்தது, தணிகாசலத்தின் உருவத்தில், கையில் அழைப்பிதழோடு. அமைதிப் பூங்கா திறப்பு விழா. கவுன்சிலர் தலைமை, பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரின் சிறப்புரை, தலைப்பு: 'மௌனமே மாண்பு'.

"கஜபதி, உன் செட்டுதான்னு கமிட்டியில ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம். இருக்கிற குழாய் அத்தனையும் கட்டிடு."

"அண்ணே, அமைதிப் பூங்கான்றீங்க. அதுக்கு மைக்கு எதுக்கு?"

"அமைதின்னா என்னன்னு ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேணாமா?"

"சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

"மெதுவா சொன்னா அது விழா இல்லப்பா, துக்கம் விசாரிக்கிறது." தணிகாசலம் எழுந்து மேல்துண்டை உதறினார். "உனக்கு வசதிப்படலைன்னா சொல்லிடு, மனஸ்தாபம் வேணாம். அயனாவரத்து ரூபன் புதுசா ஒரு செட்டு இறக்கியிருக்கான். அவன் பேஸ் வெச்சா ஜன்னல் கண்ணாடி தானா திறக்குதாம்."

அயனாவரத்தில் பாடிய ரூபனின் செட்டைக் கஜபதி கேட்டிருந்தார், தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றபடி. "நானே கட்றேண்ணே," என்றார்.

தணிகாசலம் போனதும் புஷ்பலீலா, "அன்னிக்கிப் பாத்து ஒயர புடுங்கி உட்ரு," என்றாள்.

"புடுங்குனா ரிப்பேருன்னுவாங்க. அர மணி நேரத்துல ரூபன் வந்து நிப்பான்."

"அப்ப இன்னா பண்ணுவ?"

மேடையில் பேசுகிறவர்களைப் பற்றி வெகுநாள் பின்னாலிருந்து பார்த்துக் கஜபதி அறிந்திருந்த ஒன்று உண்டு. பேச்சு கூட்டத்துக்குக் கேட்கிறதா என்று எந்தப் பேச்சாளரும் கவலைப்படுவதில்லை. தனக்குக் கேட்டால் போதும். கூட்டமும் அப்படித்தான், பேச்சைக் கேட்டுக் கைதட்டுவதில்லை. பேசுகிறவர் நிறுத்தி, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தால் கைதட்டும். ஆகவே அவர் குழாய்கள் அத்தனையையும் மரமரமாக, கம்பம்கம்பமாக, பார்க்கிறவர்கள் மிரளும்படி கட்டினார், எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்தார், அந்த ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தார். மைக்குக்குக் கீழே, பூந்தொட்டிக்குப் பின்னால், பேசுகிறவரின் காலடியில் மட்டும் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அவருடைய குரல் அவருக்கு மட்டும் தேனாகத் திரும்பி வரும்படி செய்தார். தன் மேசையைக் கதவுக்கு வெளியே, சந்தில் போட்டுக்கொண்டார்.

விழா அன்று மாலை எல்லாம் அவர் கணக்குப்படியே நடந்தது. கவுன்சிலர் பேசினார், தன் குரலில் தானே மயங்கி, குறித்ததைவிட அதிக நேரம் பேசினார். சிறப்புப் பேச்சாளர் மௌனத்தின் பெருமையைப் பற்றிக் கையை வீசி, கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார். அத்தனை பேர் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் முன்வரிசைக்கு அப்பால் ஒரு சொல்கூடப் போகவில்லை. கூட்டம் குளத்தைப் பார்த்தது, நீர்க்கோழியைப் பார்த்தது, கைக்குட்டை வெளியே வந்தபோதெல்லாம் கைதட்டியது, சிரிப்பு சங்கத்தினர் சிரிக்க வேண்டிய இடத்தைத் தாங்களே ஊகித்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு நல்ல கூட்டத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார் பேச்சாளர். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. முன்வரிசையில் புஷ்பலீலா பட்டுப்புடவையில் உட்கார்ந்து, அவ்வப்போது கதவுப் பக்கம் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பூங்கா அசையாமல் படுத்திருந்தது.

ரூபன் மட்டும் சந்தில், கஜபதியின் மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, இத்தினி குழாயக் கட்டிகீற, ஒண்ணும் வாயத் தொறக்கல?"

"தொறக்கும்."

"செட்டு செத்துப்போச்சுன்னு சொல்லேன். நம்ம தொழில்ல சாவு சகஜம். நான் வேணா மாலை வாங்கியாரட்டா?"

"கம்முனு நில்லு ரூபா."

"நான் கம்முனுதான் கீறேன். உன் செட்டும் கம்முனு கீது. நாளைக்கு அயனாவரம் பூரா சொல்லிகினு போவேன், கஜபதி சவுண்ட் சர்வீஸ்ல சர்வீஸ் மட்டும்தான் கீது, சவுண்ட் இல்லன்னு."

கஜபதி அதையும் தாங்கினார். காது சுத்தமாக இருந்தால் மனிதன் எதையும் தாங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் தணிகாசலம் நன்றியுரைக்கு எழுந்தார்.

நன்றியுரை என்பதற்கு நம் பக்கத்தில் மாறாத ஓர் ஒழுங்கு உண்டு. தலைமைக்கு நன்றி, சிறப்புரைக்கு நன்றி, மாலைக்கு, நாற்காலிக்கு, மோருக்கு, கடைசியில், எல்லோரும் எழுந்து நாற்காலியை மடக்கும்போது, ஒலியும் ஒளியும் அமைத்துக் கொடுத்த இன்னாருக்கும் நன்றி. அந்த ஒரு வரிக்காக மைக் செட்டுக்காரர் கடைசிவரை ஒயரைச் சுற்றாமல் நிற்பார். கஜபதியும் எத்தனையோ மேடையருகே நின்றிருக்கிறார். சொல்கிறவரின் உதடு அசைவதைப் பார்த்து, இப்போது நம் பெயர் வந்தது என்று ஊகித்துக் கும்பிட்டிருக்கிறார். கூவலுக்கு மேலாக அதைக் கேட்டதில்லை. தன் குழாயில் தன் பெயர் எப்படி ஒலிக்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது.

தணிகாசலத்தின் உதடு மோருக்கு வந்துவிட்டதை அவர் பார்த்தார். காதுக்குள் ஓர் ஈ எறும்பின் சத்தம்கூட இல்லை. இப்படியொரு காதோடு இப்படியொரு வரிக்கு முன்னால் அவர் நின்றதே இல்லை. ஒரே வரி, என்று நினைத்துக்கொண்டார். ஒரு வரிக்கு அது எழாது, எழுந்தாலும் படுத்துக்கொள்ளும். புஷ்பலீலா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, அவருடைய கை போகும் இடத்தைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கை போய்விட்டது. அது குமிழைக் கொஞ்சமாகத் திருப்பப் பழகாத கை.

"ஒலி, ஒளி அமைத்துக் கொடுத்த நமது கஜபதி சவுண்ட் சர்வீசுக்கும்" என்று ஓட்டேரியின் அத்தனை சந்துகளிலும், கால்வாயின் இரண்டு கரையிலும், அயனாவரத்துப் பாதியிலும் கேட்டது. கணீரென்று, இழுவை இல்லாமல், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. கஜபதி தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்ல செட்டுதான்.

பூங்கா பின்னங்கால்களை ஊன்றி எழுந்தது. பிறகு முன்னங்கால்களையும் ஊன்றியது. ஒயர்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு அறுந்தன. கவுன்சிலர், பேச்சாளர், தணிகாசலம், சிரிப்பு சங்கம், வழக்காடும் இருவர், புஷ்பலீலா, குளம், பந்தல் எல்லாவற்றோடும் அது அவசரப்படாமல் திரும்பி, சிமெண்ட் கிடங்கின் வழியாக, கிடங்கில் ஒரு மூட்டைகூடச் சரியாமல் நடந்து போயிற்று. சந்தில் சுவர் இருந்தது. அறுந்த ஒயரைக் கையில் பிடித்தபடி கஜபதி நின்றார். வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்கள்.

"சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் உள்ள மாட்டிகிச்சே," என்றார் ஒருவர்.

ரூபன் மேசையிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டார். "செட்டு நல்லாத்தான் கீது நைனா," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

போனவர்கள் அன்று இரவே திரும்பி வந்துவிட்டார்கள். வில்லிவாக்கத்தில் இறங்கியதாகச் சொன்னார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்ததைப் போல லேசாக ஆடியது, அவ்வளவுதான்; நன்றியுரை முடிந்து, பொட்டலத்தையும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தெரு வேறாக இருந்தது; கடைசி ஆள் இறங்கியதும் பூங்கா கிளம்பிவிட்டது. மரங்களில் கட்டியிருந்த குழாய்களையும் அவிழ்த்துக்கொண்டு பேருந்தில் வந்தார்கள். விழா வெற்றி என்பதில் தணிகாசலத்துக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு வட்டாரத்தில் ஒரே விழா நடத்திய சங்கம் வேறு எது என்று கேட்டார்.

புஷ்பலீலா புடவை மாற்றாமல் வந்து கணவர் முன்னால் நின்றாள்.

"கேட்டுச்சா?"

"இன்னா?"

"உம் பேரு."

"கேட்டுச்சு."

"நல்லா இருந்துச்சா?"

கஜபதி தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு."

சாப்பாட்டு நேரத்தில் கூவல் திரும்பி வந்தது, வெளியூர் போய்விட்டு வந்தவன் சொந்த வீட்டுக்குள் நுழைவதைப் போல. புஷ்பலீலா சோறு போட்டுக்கொண்டே, "கொட்டிக்கோ" என்றாள். அவர் உத்தரத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். பிறகு மெதுவாக, கல்யாணமான நாளிலிருந்து சொல்லியிராத வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு கஜபதி ஓட்டேரியில் எந்த விழாவையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றை ரூபனுக்கு விட்டுக்கொடுத்தார். திருவொற்றியூர், மாதவரம், போரூர், மேடவாக்கம் என்று தூரமாக எது வந்தாலும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். வண்டியில் முன்னிருக்கையில் புஷ்பலீலாவும் போனாள். விடியும்போதே போய்ச் சேர்ந்து, மளமளவென்று குழாய்களைக் கட்டிவிட்டு, இருவரும் அந்த ஊரின் சந்துகளில் ஆளுக்கொரு பக்கமாக நடப்பார்கள். முட்டுச்சந்துகளை விடாமல் பார்ப்பார்கள். சுவர் இருந்தால் அதைக் கையால் தட்டிப் பார்ப்பார்கள். யாராவது கேட்டால், ஒதுங்க இடம் தேடுவதாகக் கஜபதி சொல்லிவிடுவார். புஷ்பலீலா காய்க்கூடையைக் காட்டுவாள்.

தை மாதம் கொரட்டூரில் ஒரு காதுகுத்து. பந்தலைச் சுற்றிக் குழாய்கள் கட்டியிருந்தன, ஒயர்கள் இழுத்திருந்தன, மேடையில் மைக் நின்றது. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. மேசைமேல் இரண்டு தம்ளர் டீ ஆறிக்கிடந்தது, ஒன்றில் ஒரு மகிழம்பூ மிதந்தது. பேச எழுந்த தாய்மாமன் மைக்கைத் தட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு வாயால் பேசினார். கடைசி வரிசைவரை கேட்டது.